ஜானி மார் ஜாகுவார் கிட்டார்: செவ்வாய்ப்பேட்டையில் எட்டு மாதம்

ஃபெண்டர் கம்பெனியின் ஜானி மார் ஜாகுவார் என்கிற எலக்ட்ரிக் கிட்டார் என் கைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மார்கழியில் பெங்களூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே சேலம் கொண்டுவந்து சேர்த்தேன். தை மாதம் ஏற்காட்டில் ஒரு ராத்திரி வாசித்தேன், சித்திரை வெயிலைத் தாங்கியது, ஆடி முழுக்க அம்மன் கோயில் மேடைகளில் எங்கள் மெல்லிசைக் குழுவோடு நின்றது. இத்தனையையும் பார்த்த பிறகு எழுதினால்தான் நியாயமாக இருக்கும் என்று பொறுத்திருந்தேன்.

இது யாருக்கான கிட்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடுகிறவர் பக்கத்தில் நின்று பாட்டைத் தாங்கிப் பிடிக்கிறவர்களுக்கானது. கச்சேரியில் வயலின்காரர் பாடகர் எங்கே போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கூடவே போவாரே, அந்த மாதிரி வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு. மேடையின் நடுவில் வந்து நின்று இரண்டு நிமிஷம் சோலோ வாசிக்கத்தான் கிட்டார் வேண்டும் என்றால் இந்தப் பணத்தில் வேறு நல்ல கிட்டார்கள் இருக்கின்றன, அதைப் பாருங்கள். பக்கவாத்தியம் என்று நம்மிடம் ஓர் அருமையான சொல் இருக்கிறது. எலக்ட்ரிக் கிட்டாரில் பக்கவாத்தியத்தை ஒரு பெரிய கலையாக ஆக்கிக் காட்டியவர் இங்கிலாந்தின் ஜானி மார். அவர் முப்பது வருஷம் வாசித்த பிறகு தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து செய்த கிட்டார் இது என்பதால், அவரைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பற்றிச் சொல்ல முடியாது.

1963 அக்டோபர் 31 அன்று மான்செஸ்டரில் ஆர்ட்விக் என்கிற உழைப்பாளிகள் பகுதியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அயர்லாந்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். சொந்தப் பெயர் ஜான் மாஹர். அதே ஊரில் பஸ்காக்ஸ் குழுவில் அதே பெயரில் ஒரு டிரம்மர் இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று எழுத்தை மாற்றி மார் ஆனார். சின்ன வயதில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒரு மரப் பொம்மைக் கிட்டாரை ஏங்கி ஏங்கிப் பார்த்து, அது கைக்கு வந்ததும் வெள்ளைப் பெயின்ட் அடித்து, பாட்டில் மூடிகளை ஒட்டி எலக்ட்ரிக் கிட்டார் மாதிரி ஆக்கிக்கொண்டாராம். என் கிட்டாரும் வெள்ளைதான். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டில் மூடி ஞாபகம் வருகிறது.

1982இல், 18 வயதில், தன்னைவிட நாலைந்து வயது மூத்தவரான மாரிஸியின் வீட்டுக் கதவைப் போய்த் தட்டி, நாம் சேர்ந்து பாட்டு எழுதலாமா என்று கேட்டார். அப்படித்தான் தி ஸ்மித்ஸ் குழு தொடங்கியது. மாரிஸி பாடினார், வரிகளை எழுதினார், இசை மார். பேஸ் கிட்டார் ஆண்டி ரூர்க், டிரம்ஸ் மைக் ஜாய்ஸ். ஐந்து வருஷம், நாலு ஸ்டுடியோ ஆல்பம், அவ்வளவுதான், 1987இல் மார் வெளியே வந்தபோது அவருக்கு 23 வயதுதான்.

அதே 1982இல்தான் நம் பக்கம் பயணங்கள் முடிவதில்லை வந்தது. ‘இளைய நிலா’ கிட்டாரை ஒழுங்காக எடுக்கத் தெரியாத ஒருவரை எந்த மெல்லிசைக் குழுவும் கிட்டாருக்குச் சேர்த்துக்கொள்ளாது, நானும் அதை வாசித்துக் காட்டித்தான் உள்ளே வந்தேன். கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்களை, மொத்தமாக அடிக்காமல் கம்பி கம்பியாகப் பிரித்து, பாடுகிறவரின் குரலுக்கு அடியில் ஓடவிடுவது. இதே காரியத்தை மான்செஸ்டரில் ஒரு பையன் அதே வருஷம் வேறு வழியில் தேடிக்கொண்டிருந்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்த என் மாமா பையன் லீவுக்குக் கீழே வரும்போது கேசட் கொண்டு வருவான், அதில் ஒன்றில்தான் ஸ்மித்ஸ் இருந்தது. ஆங்கில வரிகள் பாதி புரியவில்லை. கிட்டார் முழுதாகப் புரிந்தது.

அந்தச் சத்தத்தை இங்கிலீஷ்காரர்கள் ஜாங்கிள் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் தேவைப்படவில்லை. அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கொலுசு முடிந்து மெருகேறி வந்ததும் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு ஓர் உதறு உதறுவார். சலங்கை எல்லாம் ஒரே கொத்தாக விழுந்து சத்தம் போட்டால் முகம் சுளிப்பார், எங்கேயோ வளையம் இறுகியிருக்கிறது என்பார். ஒன்றன்பின் ஒன்றாக, நடுவே மயிரிழை இடைவெளி விட்டு உதிர வேண்டும், அதே சமயம் எல்லாம் ஒரே கொலுசு என்றும் கேட்க வேண்டும். முதல் நாள் இந்தக் கிட்டாரைப் பட்டறையிலேயே ஆம்ப் என்கிற சின்ன ஒலிபெருக்கியில் மாட்டி, கழுத்தில் இரண்டாவது ஃப்ரெட் கோட்டில் கேப்போ என்கிற கவ்வியைப் போட்டு நான் ஒரு கார்டைப் பிரித்து வாசித்தபோது, அப்பா கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு, “கண்ணு, இதுல சலங்கை உதிருது” என்றார். என்னைக் கேட்டால் இந்தக் கிட்டாருக்கு அதுதான் விமர்சனம், ஆனாலும் விவரம் வேண்டுமே.

ஜாகுவாரை ஃபெண்டர் முதலில் 1962இல் கொண்டுவந்தார்கள், 1975இல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அடகுக்கடைகளில் மலிவாகக் கிடைத்ததால் காசில்லாத மாற்று ராக் பையன்கள் எடுத்து வாசிக்க ஆரம்பித்து, மறுபடியும் மவுசு வந்தது. அதன் கம்பி நீளம் 24 அங்குலம், பெரும்பாலான ஃபெண்டர் கிட்டார்களில் இருக்கிற இருபத்தைந்தரையை விடக் குறைவு. இதனால் விரல்களை எட்டிப் பிடிக்க வேண்டிய கார்டுகள் சுலபமாக உட்காரும், ஆனால் கம்பியின் இழுவிசை குறைந்துபோகும். மெல்லிய கம்பி போட்டால் தொளதொளவென்று இருக்கும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் 0.009 அங்குலத்தில் தொடங்குகிற மெல்லிய கம்பிச் செட் போட்டிருந்தார், வாங்கிய வாரம் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது, ஏமாந்துவிட்டோமோ என்று. 0.011 செட் மாட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது. புதுக் கம்பியை மாட்டும் முன் அப்பா வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்த்து, “கால் மில்லிக்குக் கொஞ்சம் சொச்சம்” என்றார். கணக்குப் போட்டால் 0.28 மில்லிமீட்டர். நாற்பது வருஷம் வெள்ளிக் கம்பி இழுத்த விரல். ஜாகுவார் வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஒன்றைக் கேளுங்கள், கனமான கம்பி போடாமல் அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வராதீர்கள்.

கழுத்து, மாரிடம் இருந்த 1965ஆம் வருஷத்து ஜாகுவாரின் கழுத்தைப் பார்த்துச் செய்தது. கையில் பிடித்தால் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருக்கும், எனக்குப் பிடித்திருக்கிறது, மூன்று மணி நேரக் கச்சேரிக்குப் பிறகும் கட்டைவிரல் வலிப்பதில்லை. விரல்பலகை பழைய கால ஃபெண்டர் போல 7.25 அங்குல ஆரமுள்ள வளைவு. அந்த வளைவு கார்டு பிடிக்கிற கைக்கு மெத்தை மாதிரி, ஆனால் மேல் ஃப்ரெட்களில் கம்பியை ரொம்ப வளைத்து இழுத்தால் ஸ்வரம் அடைத்துப்போகும். பழைய ஃபெண்டர் கிட்டார்களின் இயல்பு அது. கமகம் பிடிக்க நினைத்து வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இப்போது ஸ்விட்ச். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாரின் மூளை இங்கேதான் இருக்கிறது. பழைய ஜாகுவாரில் கீழே மூன்று சின்ன நழுவு ஸ்விட்ச், மேலே இன்னொன்று, கூட இரண்டு சக்கரம். மேடையில் இருட்டில் எது எங்கே இருக்கிறது என்று தடவிக்கொண்டிருக்க வேண்டும். மாரும், அவருடைய கிட்டார்களைப் பார்த்துக்கொள்கிற பில் பப்லெட் என்கிற கைவினைஞரும் சேர்ந்து அந்த மூன்றையும் எடுத்துவிட்டு, கீழே ஒரே ஒரு நாலு நிலை பிளேடு ஸ்விட்சை வைத்தார்கள். முதல் நிலை, கம்பிகள் வந்து உட்காருகிற பிரிட்ஜுக்குப் பக்கத்து பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற சுருள். இரண்டாவது, இரண்டு பிக்கப்பும் பக்க இணைப்பில். மூன்றாவது கழுத்துப் பக்கம். நாலாவது, இரண்டும் தொடர் இணைப்பில். பத்தாவது பிசிக்ஸ் பாடத்தில் மின்தடைகளை வைத்துப் படித்தோமே, அதே தொடர் இணைப்பு, பக்க இணைப்புதான். பக்க இணைப்பில் ஒலி மெலிந்து பளிச்சென்று இருக்கும், சலங்கை உதிர்வது அங்கேதான். தொடர் இணைப்பில் சத்தமும் கூடும், நடுவில் ஒரு தடிமனும் வரும். டிரம்ஸும் கீபோர்டும் உச்சத்துக்குப் போகிற இடத்தில் ஒரு தட்டு தட்டி நாலாவது நிலைக்குப் போனால் கிட்டார் காணாமல் போகாது. மேலே இருக்கிற இரண்டு நழுவு ஸ்விட்சும் கீழ் ஒலியைச் சீவி பளிச்சை ஏற்றுவதற்கு, ஒன்று எல்லா நிலைகளுக்கும், இன்னொன்று அந்த நாலாவது நிலைக்கு மட்டும். பிக்கப்கள் இங்கிலாந்தின் பேர் நக்கிள் இதற்கென்றே சுற்றியவை.

எனக்குத் தெரிந்து எங்கள் குழுவில் பாடுகிற அக்கா இதைச் சரியாகச் சொன்னார். முன்பு நான் வாசித்த கிட்டாரில் தன் குரலும் கிட்டாரும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும், இப்போது நீ கொஞ்சம் மேலே நின்று வழி விடுகிறாய் என்றார். மார் வாழ்நாள் முழுக்கச் செய்தது இந்த வழிவிடுதல்தான். ஸ்மித்ஸ் பாட்டுகள் சிலவற்றில் பத்துப் பதினைந்து கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவாகியிருக்கும், ஆனாலும் மாரிஸியின் ஒரு சொல்லைக்கூட அவை மிதிக்காது. 1983இல் வந்த ‘திஸ் சார்மிங் மேன்’ பாட்டில், விரல் வைக்காமலே ஒரு கார்டு ஒலிக்கிற திறந்த சுருதியில் வைத்த டெலிகாஸ்டர் கிட்டாரின் கம்பிகள் மேல் உலோகப் பிடி போட்ட கத்தியைப் போட்டு அந்த அதிர்வையும் அடியில் புதைத்து வைத்திருக்கிறார். தனியாகக் கேட்காது. இல்லாவிட்டால் பாட்டு வேறு மாதிரி ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய வேலை 1984இல் பதிவான ‘ஹவ் சூன் இஸ் நவ்’. கிட்டார் ஒலி விட்டுவிட்டு அதிரும் அந்தப் பாட்டில், பதிவு செய்த கிட்டாரை நாலு ஃபெண்டர் ட்வின் ஆம்ப்களுக்கு அனுப்பி, நாலிலும் அதிர்வை ஓடவிட்டு, மார் ஒரு பக்கம் இரண்டையும் தயாரிப்பாளர் ஜான் போர்ட்டர் மறுபக்கம் இரண்டையும் பிடித்துக்கொண்டு, நாலும் தாளத்தோடு ஒட்டி ஓடுகிற வரை கையாலேயே திருகித் திருகிச் சேர்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தாளம் விலகிவிடும், டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடியும் முதலிலிருந்து. சேலத்தில் குகைப் பகுதியிலோ அம்மாப்பேட்டையிலோ விசைத்தறிக் கொட்டகை பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். பக்கத்துப் பக்கத்துத் தறிகள் கொஞ்ச நேரம் ஒரே அடியில் ஓடும், அப்புறம் ஒன்று அரை அடி பின்தங்கும், திரும்ப எங்கேயோ போய்ச் சேர்ந்துகொள்ளும். அந்த ஒன்றாகச் சேர்கிற இடத்தை மட்டும் பிடித்து ஆறேழு நிமிஷப் பாட்டாக ஆக்கியிருக்கிறார்கள். நான் இந்தக் கிட்டாரில் தொடர் இணைப்பு வைத்து, ஆம்பில் அந்த விட்டுவிட்டு அதிர்கிற ட்ரெமோலோவைப் போட்டு அதை முயன்று பார்த்தேன். பக்கத்தில்கூடப் போகவில்லை, ஆனால் பட்டறை ஜன்னல் கம்பி அதிர்ந்தது, அதுவே போதுமாக இருந்தது.

பிரிட்ஜ் பற்றிக் கொஞ்சம். பழைய ஜாகுவார் பிரிட்ஜில் கம்பி பள்ளத்தை விட்டுத் தாவிவிடும், கரகரக்கும் என்று ஊர் அறிந்த புகார். இதில் ஃபெண்டரின் மஸ்டாங் கிட்டாரில் இருக்கிற, கம்பி உட்காருகிற ஆழமான சேடில்களை மாட்டி, பிரிட்ஜின் கால்களுக்கு நைலான் உறை கொடுத்திருக்கிறார்கள். கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்குகிற ட்ரெமோலோ கைக்கும் ஒரு நைலான் உறை உண்டு, வைத்த இடத்தில் நிற்கும், தானாகத் தொங்காது. எட்டு மாதத்தில் ஒரு தடவைகூடக் கம்பி தாவவில்லை. எனக்கு வந்த கஷ்டம் வேறு வகை. கம்பி மாற்றிய பிறகு ஒருமுறை உயரம் சரிபார்க்க ஊரில் பழுது பார்க்கிற ஒருவரிடம் கொடுத்தேன். பிரிட்ஜ் லேசாக ஆடுகிறதே என்று சொல்லி, அதன் ஒரு காலில் உடனடிப் பசையை விட்டுவிட்டார். ஜாகுவாரில் பிரிட்ஜ் கம்பியோடு சேர்ந்து கொஞ்சம் அசைய வேண்டும், அப்போதுதான் ட்ரெமோலோ போட்டால் சுருதி திரும்பி வரும். அழுதே விட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் சாமண நுனியை வைத்துப் பசையைப் பொருக்கு பொருக்காகப் பெயர்த்து எடுத்தோம். திரவம் எதையும் பக்கத்தில் கொண்டுவரவில்லை, பூச்சு போய்விடும். கொலுசுக் கண்ணியில் வழிந்த பற்று எடுக்கிற அதே பொறுமை அதற்கும் வேண்டியிருந்தது. இந்தக் கிட்டாரை யாரிடம் கொடுத்தாலும், பிரிட்ஜைத் தொடாதீர்கள் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

ஏற்காடு அனுபவம். தை மாதம் ஒரு எஸ்டேட் வீட்டில் கல்யாண நாள் விருந்து, சின்னக் குழுவாக நாலு பேர் போனோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி 1500 மீட்டர் உயரத்துக்குப் போகும்போது பெட்டிக்குள் கிட்டாருக்கு என்ன ஆகும் என்று பயந்தேன். போனதும் திறக்காதீர்கள், பெட்டியோடு அறைக்குள் ஒரு மணி நேரம் விடுங்கள், இதை அனுபவத்தில் சொல்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு வராந்தா வரைக்கும் பனி வந்துவிட்டது, காபிச் செடிகள் தெரியவில்லை, கம்பி ஜில்லென்று இருந்தது. இரண்டு முறை சுருதி சேர்த்தேன், அதற்குப் பிறகு நின்றுவிட்டது. கீழே வந்து நாலு நாள் கழித்துப் பார்த்தால் கழுத்து லேசாக வளைந்திருந்தது, கழுத்துக்குள் இருக்கிற ட்ரஸ் ராட் என்கிற தண்டில் சின்னத் திருகல், சரி. அந்த ராத்திரி எந்தச் சீரியல் விளக்கும் ஜெனரேட்டரும் இல்லாத இடத்தில் பக்க இணைப்பில் இந்தக் கிட்டார் கொடுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஜெனரேட்டரைச் சொன்னேன், காரணம் இருக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் எதுவானாலும் மின்சார இரைச்சலை வாங்கும், இதுவும் வாங்கும். ஆடித் திருவிழா மேடை என்றால் சீரியல் செட், டியூப் லைட், பின்னால் ஜெனரேட்டர், எல்லாம் கிட்டாரின் முதுகிலேயே நிற்கும். பாட்டு ஓடும்போது தெரியாது, அறிவிப்பாளர் பேசும்போது ம்ம்ம் என்று கேட்கும். வால்யூமை இறக்கப் பழகிக்கொண்டேன். ஜெனரேட்டரைப் பார்த்தபடி நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்றால் பாதி குறையும். ஆடி வியர்வைக்கு குரோம் தகடுகளைக் கச்சேரி முடிந்ததும் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி விழும்.

ஸ்மித்ஸை விட்ட பிறகு மார் என்ன ஆனார் என்று நிறையப் பேர் கேட்பதில்லை. எனக்கு அந்தப் பாதிதான் அதிகம் பிடிக்கும். 23 வயதில் அத்தனை புகழோடு வெளியே வந்தவர் உடனே தன் பெயரில் ஒரு குழு தொடங்கி முன்னால் போய் நிற்கவில்லை. டாக்கிங் ஹெட்ஸின் 1988 ஆல்பத்துக்கு வாசித்தார். மாட் ஜான்சனின் தி தி குழுவில் சேர்ந்து இரண்டு ஆல்பம். நியூ ஆர்டரின் பெர்னார்ட் சம்னரோடு எலக்ட்ரானிக் என்கிற குழுவில் மூன்று ஆல்பம். எல்லாரும் அவரைப் பழைய சாமான் என்று நினைத்திருந்த நேரத்தில், 2006இல் அமெரிக்காவின் மாடஸ்ட் மௌஸ் குழுவில் அதன் பாடகர் ஐசக் ப்ராக்குக்குப் பக்கத்தில் போய் நின்றார். அடுத்த வருஷம் அந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதல் இடத்தில் நுழைந்தது. ஜாகுவார் அவர் கையில் ஒட்டிக்கொண்டது அந்தக் காலத்தில்தான். அப்புறம் தன்னைவிட ரொம்ப இளையவர்களான தி க்ரிப்ஸ் குழுவில். 2010இல் ஹான்ஸ் ஸிம்மரின் இன்செப்ஷன் படப் பின்னணி இசையில் கேட்கிற கிட்டார் இவருடையது. இந்தக் கிட்டார் 2012இல் வந்தது. தனிப்பெயரில் முதல் ஆல்பம் 2013இல்தான், ஐம்பது வயதாகும்போது. 2023இல் ஆண்டி ரூர்க் இறந்த செய்தியைப் படித்த அன்று பழைய கேசட்டைத் தேடி எடுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாக வாசித்தவர்கள் இருவரும்.

பின்னால் நின்று வாசிக்கிறவர்களை யாரும் போட்டோ எடுப்பதில்லை, அறிவிப்பாளரும் பெயரைக் கடைசியில் அவசரமாகச் சொல்வார். இருபது வருஷமாக நான் நிற்கிற இடம் அது. அந்த இடத்தில் நிற்கிறவருக்காகவே யோசித்துச் செய்த ஒரு கருவியை முதல்முறையாகப் பிடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

விலை. புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விடும். பழையதுக்கு நான் ஒன்றேகால் லட்சம் கொடுத்தேன், மூன்று வருஷக் கச்சேரிச் சேமிப்பு. அவ்வளவு முடியாதவர்கள் ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்கொயரின் ஜாகுவார் பாருங்கள், அதே 24 அங்குலம், அதே உருவம், மாரின் நாலு நிலை ஸ்விட்ச் மட்டும் வராது. வாங்கும்போது பழைய கிட்டாராக இருந்தால் நாலு நிலைகளையும் ஆம்பில் மாட்டிக் கேட்டுவிடுங்கள், ட்ரெமோலோ கையை மேலே நிறுத்தினால் நிற்கிறதா பாருங்கள், பிரிட்ஜை விரலால் தொட்டுப் பசை இருக்கிறதா பாருங்கள்.

ஆடி முடிந்துவிட்டது, இனி முகூர்த்தக் கச்சேரிகள். கையில் எடுத்துப் பார்க்க விருப்பம் இருக்கிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், கச்சேரி இல்லாத நாட்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பட்டறையில்தான் இருப்பேன். 0.011 செட் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன்.